மெராந்தி விதை ஒன்னுகூட முளைக்கல, என்ன தப்பு பண்ணேன்?

சுங்கைசிப்புட்_பையன்:
வணக்கம். எங்க எஸ்டேட் ஆத்தோரம் பெரிய மெராந்தி மரம் ஒன்னு, பல வருசம் கழிச்சு இப்பதான் காய்ச்சு ரெக்கை வச்ச விதையா சுத்திக்கிட்டே விழுந்துச்சு, ஒரு பை நெறைய பொறுக்கி வெயில்ல காய வச்சு பிரிட்ஜ்ல ஒரு மாசம் வச்சிருந்தேன், அப்புறம் மண்ல போட்டா ஒன்னும் வரல. வெட்டிப் பாத்தா உள்ள பழுப்பா சுருங்கிக் கெடக்கு. மனசே ஆறல.

நர்சரி_அக்கா:
காய வச்சதுதான் தம்பி தப்பு. இது நெல்லு மாதிரி இல்ல, ஈரம் போனா உயிரும் போயிடும், குளிரும் ஆவாது. விழுந்த சில நாள்லயே போட்டுடணும். ரெக்கைய ஒடிச்சிட்டு, ரெக்கை இருந்த பக்கம் மேல பாக்க பாதி புதைச்சா போதும், நெழல் வலை கண்டிப்பா வேணும். பாலிபேக்ல, அதான் கன்னு வளக்கிற பிளாஸ்டிக் பையில, தாய் மரத்தடி மண்ணு ரெண்டு கைப்பிடி கலந்துக்குங்க, அதுல இருக்கிற பூஞ்சை வேரோட சேந்துதான் கன்னுக்குச் சத்து எடுத்துக் குடுக்கும்.

கம்பார்_மாமா:
மெர்பாவ் மரத்து விதை இதுக்கு நேர் எதிர்லா. தோலு கல்லு மாதிரி, ஓரத்துல அரம் வச்சு உள்ள வெள்ளை தெரியுற வரைக்கும் தேச்சு ராத்திரி முழுக்க ஊறப் போடணும்.

தம்பி, அந்த மெராந்தி மரத்தடியில தானா முளைச்ச கன்னு இருக்கா பாருங்க. மழை பேஞ்ச மறுநாள் மண்ணோட தோண்டி, இலைய பாதி வெட்டிட்டு, நட்டு பிளாஸ்டிக் போட்டு மூடி வைங்க.

சுங்கைசிப்புட்_பையன்:
இருக்கு மாமா! சாயங்காலம் போய் எண்ணுனேன், விரல் நீளத்துல பதினேழு.