பெருவிரலா, கன்ட்ரோலரா? தொலைபேசி விளையாட்டால் பிளேஸ்டேஷனுக்கு ஈடுகொடுக்க முடியுமா?

பழைய மெமரி கார்ட்:

போன வைகாசியில் நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகாததால் எழுதுகிறேன். 2002 இல் ஏ9 பாதை திறந்த பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த பிளேஸ்டேஷன் 2 இல், மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, கஸ்தூரியார் வீதிக்கு அண்மையில் ஒரு கடையின் பின்னறையில் வின்னிங் இலெவன் என்ற உதைபந்தாட்டம் விளையாடி வளர்ந்தவன் நான். விளையாடியதைச் சேமித்துவைக்கும் எட்டு மெகாபைட் மெமரி கார்டைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு ரியூசனுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அக்காவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தன் தொலைபேசியில் உதைபந்தாட்டம் விளையாட என்னை அழைத்தான். வெக்கையில் விரல் வியர்த்து, திரையில் வரையப்பட்டிருந்த வட்டத்தை விட்டு வழுக்க, எனது வீரன் பந்தை விட்டுவிட்டு மூலைக்கொடியை நோக்கி ஓடினான். பொத்தான் எங்கே என்று குனிந்து பார்த்தால், பார்க்க வேண்டிய பந்தை எனது பெருவிரலே மறைத்துக்கொண்டிருந்தது. முதற்பாதி முடியுமுன் ஐந்து கோல்கள் வாங்கிவிட்டேன். அப்போது அவன் எழுந்து போய் அம்மம்மாவின் பவுடர் பேணியை எடுத்துவந்து, இரண்டு பெருவிரல்களிலும் அளவாகத் தடவிக்கொண்டு, "மாமா, நீங்களும் கொஞ்சம் பூசுங்கோ" என்று நீட்டினான்.

இந்த விளையாட்டுகள் எத்தனை கோடி உழைத்தாலும், அழுத்தினால் விரலைத் திருப்பி அழுத்துகின்ற ஒரு பொத்தானுக்கு ஈடாகாது என்பதே எனது துணிபு. கண்ணை மூடிக்கொண்டு கன்ட்ரோலரில் வட்டப் பொத்தானைத் தொட என்னால் முடியும், கண்ணாடியில் அது முடியாது.

மானிப்பாய் அம்மா:

மேலே எழுதியவர் விரலைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்கு நடந்தது வேறு. அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்த எனது தொலைபேசி அடுத்தடுத்து ஏழு தடவை சிணுங்கியது. யாருக்கோ அவசரம் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் பார்த்தால், அன்று காலைதான் ரீலோட் போட்டிருந்த காசிலிருந்து துண்டு துண்டாகக் கழிக்கப்பட்ட குறுஞ்செய்திகள். மொத்தம் 2,350 ரூபா. மகன் திண்ணையில் இருந்தான். விளையாட்டுக்குள் செலவழிக்கும் வைரம் வாங்கினாயா என்று கேட்டேன். "இல்லையம்மா, நான் ஒன்றும் வாங்கவில்லை, பெட்டி மட்டும்தான் திறந்தேன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிக்குக் காசு கொடுப்பதை வாங்குவது என்று அந்தப் பிள்ளை நினைக்கவில்லை. இத்தகைய பெட்டிகளைப் பெல்ஜியம் 2018 இலேயே சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. இலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து பார்க்கலாம்.

வல்லைவெளிக் காற்று:

இரண்டு பதிவுகளோடும் எனக்கு உடன்பாடில்லை. எனக்கு மறக்க முடியாதது 2022 பங்குனி முடிவில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாள். என்னுடைய பிளேஸ்டேஷன் 4 தொலைக்காட்சிக்குக் கீழே கறுப்புச் செங்கல்லாகக் கிடந்தது. நுளம்புத்திரி புகைய, திரையின் வெளிச்சத்தை ஆகக் குறைத்துவைத்துக்கொண்டு தொலைபேசியில் ஸ்டார்டியூ வேலி என்ற தோட்டம் செய்யும் விளையாட்டை விளையாடினேன். ஊரில் தோட்டம் செய்ய டீசலும் பசளையும் இல்லாத அந்த நாட்களில், நான் மட்டும் படுக்கையில் கிடந்தபடி பூசணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த விளையாட்டு 2016 இல் கணினிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் வந்து, பிறகுதான் தொலைபேசிக்கு வந்தது. விளையாட்டு ஒன்றேதான், ஒருமுறை காசு கட்டினால் பிறகு பெட்டியும் இல்லை, வைரமும் இல்லை. ஆகவே பழைய மெமரி கார்ட் அண்ணை சொல்வது வேகமான விளையாட்டுகளுக்குப் பொருந்தலாம், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

மானிப்பாய் அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காசு கறப்பது தொலைபேசிக்கு மட்டும் உரிய குணம் அல்ல. பிளேஸ்டேஷனில் விளையாடிய ஃபிஃபா உதைபந்தாட்டத்திலும் இதே மாதிரி, உள்ளே யார் என்று தெரியாத வீரர் பொதிகள் இருந்தன, நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பெல்ஜியத்திலேயே 2019 தையில் அவற்றைக் காசுக்கு வாங்க உதவும் புள்ளிகளை விற்பதை நிறுத்தினார்கள். மறுபுறம், யப்பானிய விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோ 2016 இறுதியில் சூப்பர் மாரியோ ரன் என்ற விளையாட்டைத் தொலைபேசிக்குக் கொண்டுவந்து, தொடக்கக் கட்டங்களை இலவசமாகத் தந்து, மிச்சத்துக்கு ஒரேயொரு தடவை 9.99 டொலர் கேட்டது. இருபது கோடித் தடவை அதைத் தரவிறக்கினார்கள், ஆனாலும் எதிர்பார்த்த இலாபம் கிடைக்கவில்லை என்று நின்டெண்டோவே சொல்ல வேண்டியதாயிற்று. நேர்மையாக விலை கேட்டவனுக்கு நாங்கள் காட்டிய மரியாதை அது. 2022 இல் டொலர் 360 ரூபாவை அண்டியபோது, அறுபது டொலர் இறுவட்டு ஒன்று இருபதாயிரத்தைத் தாண்டியது என்பதையும் மறக்க வேண்டாம். இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தொலைபேசிதான் முதலாவது பிளேஸ்டேஷன், பலருக்குக் கடைசியும் அதுதான்.

திருத்துநர்:

பதினொரு வருடமாகத் தொலைபேசி திருத்துகிறேன். போன கிழமை ஒரு பெடியன் கொண்டுவந்த தொலைபேசியை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். கண்ணாடியின் இடது கீழ் மூலையில், ஐந்து ரூபாக் குற்றியளவு வட்டத்தில் பூச்சுத் தேய்ந்து மங்கலாகிக் கிடந்தது. விளையாடும்போது பெருவிரல் ஓயாமல் தேய்த்த இடம் அது.

இனி விளையாடுபவர்களுக்குச் சில சொல்கிறேன். 2023 இல் ஐபோன் 15 புரோவில், பிளேஸ்டேஷனில் ஓடும் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் என்ற விளையாட்டே ஓடியது என்று பெருமைப்படுகிறீர்கள், ஓடியது உண்மைதான். ஆனால் பிளேஸ்டேஷனுக்குள் காற்றாடி இருக்கிறது, உங்கள் தொலைபேசிக்குள் இல்லை. சூடேறியதும் அது தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் தடக்கித் தடக்கி ஓடுவது அதனால்தான். தகரக் கூரைக்குக் கீழே, மின்னேற்றியைச் செருகியபடி, தடித்த உறை போட்டுக்கொண்டு விளையாடினால் பற்றரி ஊதும், ஊதினால் பின்மூடியைத் தள்ளும், தள்ளினால் என்னிடம் வருவீர்கள். விளையாடும்போது உறையைக் கழற்றுங்கள், மின்னேற்றியைப் பிடுங்குங்கள். குளிரவைப்பதற்காகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அப்படி வைத்துக் கொண்டுவந்த ஒன்றைத் திறந்தபோது கமராக் கண்ணாடிக்கு உட்புறத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. விரல் வழுக்குகிறவர்கள் பிளேஸ்டேஷன் 4 இன் கன்ட்ரோலரையே புளூடூத் மூலம் இணைக்கலாம், 2019 இல் வந்த ஐஓஎஸ் 13 இலிருந்து ஐபோனும் அதனை ஏற்கிறது, அண்ட்ரொய்டும் ஏற்கும். பவுடர் பூசாதீர்கள், அது ஒலிபெருக்கித் துவாரத்தை அடைக்கிறது. தாய்மார் பிளே ஸ்டோர் அமைப்புக்குள் போய், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிட வேண்டும். அந்தக் கடவுச்சொல் பிள்ளையின் பிறந்த திகதியாக இருக்கக் கூடாது.

கோப்பாய்–இலண்டன்:

கென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டு 2020 புரட்டாதியில் பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் தொலைபேசியிலும் ஒரே நாளில் வெளிவந்தது. ஆசிய சேவையகத்தைத் தெரிவு செய்து, இலண்டனிலிருந்து நான் பிளேஸ்டேஷனிலும் கோப்பாயிலிருந்து மச்சாள் தொலைபேசியிலும் ஒன்றாக விளையாடினோம். ஒரே மலை, ஒரே அரக்கன். அவள் என்னிலும் கெட்டிக்காரி என்பதால் விரல், பொத்தான் என்ற வாதமெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அரக்கனின் உயிர்க்கோடு நூலளவு மிஞ்சியிருந்த நேரத்தில் அவளுடைய வீராங்கனை அசையாமல் நின்றாள். நான் கத்தினேன். அரக்கன் வந்து அடித்தான், அப்போதும் அசையவில்லை. சிறிது நேரத்தில் அவள் இணைப்பிலிருந்தே மறைந்துபோனாள்.

பத்து நிமிடம் கழித்துச் செய்தி வந்தது: "மாமி கோல் எடுத்தவ, சங்கக்கடைக்குப் போகச் சொல்லி." என்னுடைய பிளேஸ்டேஷனுக்கு இதுவரை எந்த மாமியும் அழைப்பு எடுத்ததில்லை.

பழைய மெமரி கார்ட்:

திருத்துநர் சொன்னபடி கன்ட்ரோலரை இணைத்துப் பார்த்தேன். தொலைபேசி ஏற்றுக்கொண்டது, மருமகனின் அந்த உதைபந்தாட்டம் ஏற்கவில்லை. வல்லைவெளியின் பூசணிக்கதைக்கு மறுமொழி எழுத நினைத்திருந்தேன், ஆனால் அதைத் தரவிறக்கி மூன்று நாளாகிறது, இன்னும் எழுத நேரம் கிடைக்கவில்லை. நேற்று மருமகனோடு மறுபடி விளையாடியதில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றேன். அந்த ஒரு கோல், திருத்துநர் மன்னிக்க வேண்டும், பவுடர் பூசிய பிறகு போட்டது.