மறு: டெரட்டோமாவுக்குத் தமிழ்ச் சொல்

> 'டெராஸ்' கிரேக்கத்தில் அரக்கன். எனவே டெரட்டோமா = அரக்கக் கட்டி. மெச்சூர் டெரட்டோமா = முதிர்ந்த அரக்கக் கட்டி.

வணக்கம் ஐயா.

வேர் சரிதான். ஆனால் இந்தச் சொல்லை நான் நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பலவகைத் திசுக்கள் கலந்து வளரும் இந்தக் கட்டி, சூலகத்தில் (சினைப்பையில்) பெரும்பாலும் இளம்பெண்களுக்குத்தான் வருகிறது. கல்யாணம் ஆகாத பெண்ணிடம் 'அரக்கன்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதைவிட எனக்குக் கவலை 'முதிர்ந்த' என்பதில்தான். ஒருமுறை ஒரு தாயிடம் அறிக்கையைத் தமிழில் விளக்கும்போது "முதிர்ந்த கட்டி" என்று சொல்லிவிட்டேன். "முத்திப்போச்சா டாக்டர்?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நம் பேச்சில் நோய் முற்றினால் கைமீறியது என்று பொருள். இங்கோ நேர்மாறு: திசுக்கள் முதிர்ந்திருந்தால் புற்று அல்ல, முதிராதவைதான் புற்று. ஆகவே அடைமொழி கட்டியில் ஒட்டக் கூடாது, திசுவில் ஒட்ட வேண்டும்.

என் பரிந்துரை: கதம்பக் கட்டி. வகைகள்: முதிர்திசுக் கதம்பக் கட்டி, இளந்திசுக் கதம்பக் கட்டி.

முட்டையாக வேண்டிய செல் ஒன்று, கருவுறாமலே பெருகிப் பலவகைத் திசுக்களாகிறது. வெட்டிப் பார்த்தால் சுருண்ட முடிக்கற்றை, சில சமயம் ஒரு பல், உடற்சூட்டில் எண்ணெயாக இருந்து தட்டில் ஆறியதும் மார்கழி நெய்போல் உறையும் கொழுப்பு. கதம்பம்தான். 'பல்திசுக் கட்டி' என்றும் யோசித்தேன். பல்லின் திசு என்று படித்துவிடுவார்கள். தைராய்டு திசு மட்டுமே நிறைந்த வகைக்குக் கதம்பம் பொருந்தாது, அதற்குத் தனிப்பெயர் வைப்போம்.

'நீர்க்கட்டி' வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது கொழுப்பு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வெண்மையாகத் தெரிவதும், எம்ஆர்ஐயில் கொழுப்பை மறைத்தால் கருத்துப்போவதும் அதனால்தான். பி.சி.ஓ.டி. என்ற ஹார்மோன் கோளாறுக்கும் அதே 'நீர்க்கட்டி' என்ற சொல் புழங்குவதால், மாத்திரையில் கரைந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். அதற்குள் கட்டியின் கனத்தில் சூலகம் முறுக்கிக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருகிறவர்கள் உண்டு.

அப்புறம், சிஸ்டெக்டமி, அதாவது கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை. 'கட்டி அகற்றல்' என்றால் சூலகமும் போய்விடும் என்றே பயப்படுகிறார்கள். உண்மையில் நடப்பது உரித்தல்: சூலகத்தின் மேலுறையைக் கீறி, கட்டியை உடையாமல் உரித்து, பைக்குள் போட்டு வெளியே எடுக்கிறோம். கொழுப்பு சிந்தினால் வயிற்றறையில் அழற்சி வரலாம். வெதுவெதுப்பான உப்புநீரால் நன்றாகக் கழுவ வேண்டும். எஞ்சிய சூலகம் அங்கேயே இருக்கும். எனவே 'கட்டியுரிப்பு'. ஊஃபோரெக்டமிக்கு 'சூலக நீக்கம்'. ஒப்புதல் படிவத்தில் இந்த இரண்டும் குழம்பவே கூடாது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. பாடநூல் 'சூலகம்' என்கிறது, வருகிறவர்கள் 'சினைப்பை' என்கிறார்கள். படிவத்தில் எதை எழுதலாம் ஐயா?