கரையை வெட்டிவிட்டால் வெள்ளம் எப்படி வடியும்?

கடைமடை:
வங்கதேசத்தில் குல்னா, ஜெசூர் பக்கம் ஆற்றுக்கரையை வேண்டுமென்றே வெட்டி, தாழ்நிலத்துக்குள் ஓதநீரை, அதாவது கடலோடு சேர்ந்து நாளுக்கு இருமுறை ஆற்றில் ஏறி இறங்கும் நீரை, விடுகிறார்களாம். வெள்ளத்தைக் குறைக்க உப்புநீரை உள்ளே விடுவதா? தூர்வாரினால் போதாதா? நாகப்பட்டினம் பக்கம் நம் அடப்பாறு, அரிச்சந்திரா நதிக் கடைமடையில் இது எடுபடுமா?

வண்டல்:
உப்பை விடுங்கள், அங்கே சங்கதியே வண்டல்தான். 1960களில் உயரமான கரைகளும் மதகுகளும் கட்டி, பீல் எனப்படும் கிண்ணம்போன்ற தாழ்நிலங்களை ஆற்றிலிருந்து பிரித்தார்கள். அதுவரை வயலில் பரவிப் படிந்த வண்டல், பிறகு ஆற்றுப் படுகையிலேயே படிந்தது. நிலம் உயரவில்லை, ஆறு உயர்ந்தது. 1980களில் பல இடங்களில் படுகை வயலைவிட மேடு. மதகின் வெளிவாயைச் சேறு அடைத்துக்கொண்டால் கதவைத் திறந்து என்ன பயன்? மழைநீர் மாதக்கணக்கில் உள்ளேயே நின்றது. 1990இல் டாகாத்தியா பீலிலும் 1997இல் பாய்னா பீலிலும் ஊர்மக்களே கரையை வெட்டினார்கள். பொறியாளர்கள் அதைத் திட்டமாக ஏற்றது பிற்பாடுதான்.

பாய்னா சுமார் 600 ஹெக்டேர். அதில் ஒரு மீட்டர் நீர் ஏறி இறங்குவதாக வைத்தால் 60 லட்சம் கன மீட்டர், நாளுக்கு இரண்டு தடவை ஹரி ஆற்றின் வழியே போய்வரும். ஏற்றத்தில் கலங்கலாக நுழையும் நீர் பீலில் தேங்கி வண்டலை இறக்கிவிட்டு, வற்றத்தில், அதாவது ஓதம் இறங்கும்போது, தெளிந்து திரும்புகிறது. அதுதான் படுகையை அரித்து ஆழமாக்குகிறது. அந்த ஓட்டம் இல்லாமல் வெறுமனே தூர்வாரினால் சீக்கிரமே மறுபடி தூர்ந்துபோகும். கோடையில் மேலிருந்து நன்னீர் வரத்து கிடையாது. ஏற்றம் வற்றத்தைவிட வேகமானது. அது கொண்டுவந்த வண்டலை வற்றம் முழுதாகத் திருப்பி எடுத்துப்போகாது.

மதகடி:
வரிசை முக்கியம். ஊர்களைக் காக்கும் சுற்றுக்கரை முதலில் முடியட்டும். அதற்குமுன் ஆற்றுக்கரையில் கைவைத்தால் வீடுகள் மூழ்கும். பிறகு வற்ற நேரத்தில் வாய் வெட்டி, இணைப்புக் கால்வாயோடு சேர்க்க வேண்டும். கலங்கல் மிகுந்த மாதங்கள் பிப்ரவரி முதல் மே வரை, அதற்குள் திறந்திருக்க வேண்டும். கேதாரியா பீலில் கரையை வெட்டாமல் பவதஹா மதகு வழியாகவே ஓதத்தை விட்டுப் பார்த்தார்கள். குறுகிய வாயில் போதிய நீர் புகவில்லை, படிவும் சொற்பம்.

பெரிய தலைவலி, மண் சமமாகப் படியாது. பருவெட்டான துகள் வாயருகிலேயே விழுந்துவிடும். பாய்னாவில் வாயருகே ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏறியது, கடைக்கோடியில் கால் மீட்டர்கூடத் தேறவில்லை. கோடிவரை உள்வாய்க்கால் வெட்டி, அதைத் தூராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அல்லது பீலைத் தடுப்புக்கரையால் பிரித்துக் கோடியிலிருந்து நிரப்பிவரலாம்.

மூடுவது திறப்பதைவிடக் கடினம். அட்டமி, நவமியை ஒட்டி ஓதம் தணிந்த நாளாகப் பாருங்கள். இடைவெளி குறுகக் குறுக நீரின் வேகம் கூடி அடிமண்ணைப் பறிக்கும், ஆகவே தரையில் மண்மூட்டை பரப்பிய பிறகே இருபுறமும் மூங்கில் அடித்து நெருக்க வேண்டும். கடைசி இடைவெளி ஒரே வற்றத்தில் அடைபட வேண்டும்.

கடைமடை:
வண்டல் படிய பீல் திறந்துகிடக்கும் அத்தனை ஆண்டும் விவசாயி என்ன செய்வார்?

மதகடி:
அங்கேதான் இடிக்கிறது. ஒரு பீலுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு விளைச்சல் போகும். இழப்பீடு அறிவித்தாலும், பட்டா பாட்டன் பெயரில் இருப்பவருக்கும் குத்தகைதாரருக்கும் கைக்கு வருவதில்லை. கபாலியா பீலில் 2012இல் எதிர்ப்பு கலவரமாகி வேலை நின்றது. ஒரு பீலை மூடுமுன் அடுத்தது திறக்காவிட்டால், ஆறு மறுபடி தூர்ந்துவிடும்.

வண்டல்:
அடப்பாற்றுக்கு இது ஒத்துவராது. குல்னா பக்கம் ஓத வீச்சு, அதாவது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், இரண்டு, மூன்று மீட்டர். நாகப்பட்டினத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவு. கங்கை, பிரம்மபுத்திரா கடலில் கொட்டுகிற வண்டலும் நமக்கில்லை. நம் முகத்துவாரத்தை அடைப்பது கடலோரமாக நகரும் மணல். போதாக்குறைக்கு, வடகிழக்குப் பருவமழையில் கடல்மட்டம் உயர்ந்திருக்கும்போதே ஆறும் பெருகிவரும். இங்கே வெட்டினால் உவர்தான் மிஞ்சும்.