ஆஸ்திரேலியாவில் நர்ஸ் வேலை: மணிக்கு 40 டாலர் என்றால் கைக்கு எவ்வளவு வரும்?

செவ்வந்தி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, சில ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஐ.சி.யூ. பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து தொலைவில் உள்ள ஓர் ஊரில், அறக்கட்டளை ஒன்று நடத்தும் தனியார் மருத்துவமனையிலிருந்து 482 விசாவில் (முதலாளியின் ஆதரவில் தரப்படும் தற்காலிக வேலை விசா) எனக்கு வேலைவாய்ப்புக் கடிதம் வந்துள்ளது. இரண்டு வாரத்துக்கு 76 மணி நேர வேலை, மணிக்கு 40 டாலர் அடிப்படைச் சம்பளம், "ஷிஃப்ட் பெனால்டியும் படிகளும் தனி" என்ற ஒரே வரி, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. (பெனால்டி என்றால் அபராதம் அல்ல, இரவு, வார இறுதி போன்ற நேர வேலைக்கான கூடுதல் சம்பளம்.) இரவு, சனி, ஞாயிறு வேலைக்கு உண்மையில் எவ்வளவு கூடும், வரி போகக் கைக்கு எவ்வளவு வரும் என்பதை அங்கே வேலை செய்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். ஊரில் வீட்டுக்கடன் இருப்பதால், மாதாமாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்திட விரும்புகிறேன்.

யாழினி:

வணக்கம் சகோதரி. நான் மெல்பர்னில் பதிவுபெற்ற செவிலியராக இருக்கிறேன். இங்கே ஒரு நர்ஸின் சம்பளத்தை முடிவு செய்வது ரோஸ்டர், அதாவது ஷிஃப்ட் அட்டவணைதான். கடிதத்தில் உள்ள 40 டாலர் வெறும் தொடக்கம். சட்டப்படியான குறைந்தபட்சம் 'நர்ஸஸ் அவார்டு 2020' என்ற ஆவணத்தில் இருக்கிறது. அதன்படி மதியத்துக்கு மேல் தொடங்கி மாலை 6 மணிக்குப் பின் முடியும் ஷிஃப்டுக்கு 12.5 சதவீதமும், இரவு ஷிஃப்டுக்கு 15 சதவீதமும் கூடும். சனிக்கிழமை ஒன்றரை மடங்கு, ஞாயிறு ஒன்றே முக்கால் மடங்கு, பொது விடுமுறை நாளில் இரு மடங்கு. அதாவது உங்கள் 40 டாலர் மாலையில் 45, இரவில் 46, சனியன்று 60, ஞாயிறன்று 70, கிறிஸ்துமஸ் அன்று 80 டாலராகும்.

ஒரு சாதாரண ரோஸ்டரை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரத்தில் காலை ஷிஃப்ட் மூன்று, மாலை இரண்டு, பத்து மணி நேர இரவு இரண்டு, சனி ஒன்று, ஞாயிறு ஒன்று என்று வைத்தால் சரியாக 76 மணி நேரம் வரும். அடிப்படை 3,040 டாலர். மாலைக்கு 80, இரவுக்கு 120, சனிக்கு 160, ஞாயிறுக்கு 240 என்று 600 டாலர் சேர்ந்து மொத்தம் 3,640 ஆகிறது. ஒரேயொரு ஞாயிறு, இரண்டு முழு இரவுகளைப் போல் இரு மடங்கு கூடுதல் தருவதைக் கவனியுங்கள். உடம்பை அதிகம் வாட்டுவது இரவு வேலைதான். அதற்கு வெறும் 15 சதவீதம் என்பது நியாயமற்றது என்பதே என் உறுதியான கருத்து.

இன்னொன்று: வார இறுதி விகிதம் ஷிஃப்ட் விகிதத்தின் மேல் ஏறாது, அதற்குப் பதிலாக வரும். சனிக்கிழமை மாலை வேலை செய்தால் 50 சதவீதம் மட்டுமே, 62.5 அல்ல. நாள் மாறுவது நள்ளிரவில் என்பதால், ஞாயிறு இரவு 9 மணிக்குப் பணியேறினால் முதல் மூன்று மணி நேரம் 70 டாலரும் அதன் பிறகு 46 டாலரும்தான்.

அவார்டு என்பது தரைமட்டம். பெரும்பாலான மருத்துவமனைகள் அதற்கு மேலான கூட்டு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. சில ஒப்பந்தங்களில் சதவீதத்துக்குப் பதிலாக, ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை டாலர் என்ற நிலையான தொகை இருக்கும். ஆகவே எந்த ஒப்பந்தம் உங்களுக்குப் பொருந்தும் என்று அதன் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஃபேர் வொர்க் கமிஷன் என்ற கூட்டாட்சித் தொழிலாளர் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் அதை முழுமையாகப் படிக்கலாம்.

காவிரிக்கரை:

யாழினி அவர்கள் கூறியதோடு படிகளைப் பற்றியும் சேர்க்கிறேன். சீருடைப் படி, சலவைப் படி போன்றவை சில்லறைதான். அவார்டில் சீருடைக்கு ஒரு ஷிஃப்டுக்கு ஒரு டாலருக்குச் சற்று மேல் தருவார்கள், அவ்வளவுதான். ஆன்-கால் படி (அழைத்தால் வரத் தயாராக இருப்பதற்கானது), வார்டு பொறுப்புப் படி ஆகியவை கிடைக்கும்போது கிடைக்கும். அவற்றை நம்பிக் கடன் கட்ட முடியாது. உங்களிடம் ஐ.சி.யூ. சான்றிதழ் இருந்தால் அதுதான் முக்கியம். முதுகலைத் தகுதிக்குத் தனிப் படி தரும் ஒப்பந்தங்கள் விக்டோரியாவில் உண்டு; உங்கள் படிப்பு அதற்குத் தகுதியாகுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

அதைவிடப் பெரியது அனுபவ ஆண்டுகள். அவார்டில் முதல்நிலைப் பதிவுச் செவிலியருக்கு எட்டுச் சம்பளப் படிநிலைகள் இருக்கின்றன. சிங்கப்பூர் அனுபவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் 40 டாலர் நிர்ணயித்தார்களா, அல்லது புதிதாகப் பட்டம் பெற்றவரின் நிலையில் வைத்துவிட்டார்களா என்று பாருங்கள். பணியில் சேர்ந்த நாள், விலகும் நாள், முழுநேரமா என்ற விவரங்களோடு சிங்கப்பூர் மருத்துவமனையிடம் சேவைச் சான்றிதழைப் புறப்படுமுன்பே வாங்கிவிடுங்கள். வந்த பிறகு மின்னஞ்சல் அனுப்பி வாங்குவது பெரும்பாடு.

நான் முன்பு பணிபுரிந்த ஒரு முதியோர் இல்லத்தில் ஞாயிறு வேலைக்கும் சனிக்கிழமை விகிதமே போட்டிருந்தார்கள். நான் நாட்குறிப்பில் ஷிஃப்ட் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதி வைத்திருந்ததால், தொழிற்சங்கத்தின் மூலம் கேட்டு நிலுவையைப் பெற முடிந்தது. சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் தர வேண்டும் என்பது சட்டம். அதை ரோஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். விசாவில் இருப்பவர்கள் கேள்வி கேட்க அஞ்சுகிறார்கள் என்பது சில முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். 2025 ஜனவரி 1 முதல் சம்பளத்தை வேண்டுமென்றே குறைத்துக் கொடுப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

அரை மணி நேர உணவு இடைவேளைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் நோயாளியை விட்டு நகர முடியாமல் அந்த இடைவேளையை நீங்கள் எடுக்கவே இல்லையென்றால் அது ஓவர்டைம். அன்றே படிவத்தில் எழுதிப் பொறுப்புச் செவிலியரிடம் கையொப்பம் வாங்குங்கள்; மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

செவ்வந்தி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த 3,640 டாலரில் வரி எவ்வளவு போகும்? பெனால்டி பணத்துக்கு ஓய்வூதிய நிதி சேருமா?

யாழினி:

அதே ரோஸ்டர் ஆண்டு முழுதும் என்றால் 94,640 டாலர் வருகிறது. 2025-26 ஆம் ஆண்டின் விகிதப்படி, வரி நோக்கில் இங்கு வசிப்பவராக நீங்கள் கருதப்பட்டால், வருமான வரி ஏறத்தாழ 19,180 டாலர்; மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) வரி 2 சதவீதம், சுமார் 1,893. கைக்கு இரண்டு வாரத்துக்கு ஏறத்தாழ 2,829 டாலர் வரும். இந்திய விசாதாரருக்கு மெடிகேர் உரிமை இல்லாவிட்டால், அதற்கான சான்றிதழ் பெற்று அந்த 2 சதவீதத்திலிருந்து விலக்குக் கோரலாம். பலர் இதை அறியாமலே கட்டுகிறார்கள். 600 டாலர் பெனால்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரியாகப் போய்விடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஓய்வுக்கால நிதியான சூப்பர், 2025 ஜூலை முதல் 12 சதவீதம். முதலாளி இதைப் பெனால்டி உட்பட சாதாரண வேலை நேரத்துச் சம்பளத்தின் மீது கட்ட வேண்டும், ஓவர்டைமுக்குக் கிடையாது. தற்காலிக விசாவில் இருந்து நிரந்தரமாகத் திரும்பினால் அதைப் பெறலாம், ஆனால் பெரும்பாலும் 35 சதவீதம் வரி பிடிப்பார்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. லாப நோக்கமற்ற மருத்துவமனையென்றால் 'சாலரி பேக்கேஜிங்' வசதி இருக்க வாய்ப்புள்ளது. ஆண்டுக்கு 9,010 டாலர் வரை வாடகை போன்ற செலவுகளுக்கு வரிக்கு முன்பே ஒதுக்கலாம். உங்கள் வருமானத்தில் இது சுமார் 2,900 டாலர் மிச்சம்; நிர்வாகக் கட்டணம் மட்டும் கழியும். இந்தச் சலுகைக்கான கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது, எனவே சேர்ந்த உடனே விண்ணப்பியுங்கள்.

காவிரிக்கரை:

வீட்டுக்கடன் தவணையை 3,040 என்ற அடிப்படையை வைத்து மட்டும் முடிவு செய்யுங்கள். முதல் சில வாரங்கள் அறிமுகப் பயிற்சியில் பெரும்பாலும் காலை ஷிஃப்ட்தான் தருவார்கள். பெனால்டி அதன் பிறகே வரத் தொடங்கும்.