கிறிஸ்துமஸுக்கு வீட்டோடு பார்க்க நல்ல கௌபாய் படம் உண்டா?

குடில்வீடு:

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் கூடுவோம். மதியம் பிரியாணி முடிந்ததும் ஒரு படம் போடுவது வழக்கம். அப்பாவுக்குக் குதிரையும் துப்பாக்கியும் வேண்டும். அம்மாவுக்குப் பண்டிகை நாளில் வேதத்தோடு ஒட்டிய கதையாக இருக்க வேண்டும். கூடவே எட்டு வயதிலும் பதின்மூன்று வயதிலும் அக்கா பிள்ளைகள். தேடினால் போஸ்டரில் பனி, கௌபாய் தொப்பி, சிலுவை மூன்றும் சேர்ந்த படங்களாக வந்து நிற்கின்றன. போன வருஷம் அப்படி ஒன்றைப் போட்டோம். பாதிப் படம் பிரசங்கம், அப்பா தூங்கிவிட்டார். கௌபாய் படமாகவும் உருப்படியாக இருந்து, கிறிஸ்துமஸ் கதையாகவும் இருக்கிற படம் ஏதாவது உண்டா?

பழைய ரீல்:

உண்டு. ஜான் ஃபோர்டு 1948இல் எடுத்த ‘3 காட்ஃபாதர்ஸ்’. ஜான் வேய்ன், மெக்சிகோ நடிகர் பெட்ரோ அர்மென்டாரிஸ், ஹாரி கேரி ஜூனியர் மூவரும் கொள்ளைக்காரர்கள். அரிசோனாவில் ‘வெல்கம்’ என்ற ஊரில் பேங்கைக் கொள்ளையடித்துவிட்டுப் பாலைவனத்துக்குள் ஓடுகிறார்கள். துரத்தி வரும் ஷெரீஃப் (வார்டு பாண்டு) கெட்டிக்காரர். ஆளைச் சுடாமல் அவர்களுடைய தண்ணீர்ப் பையைச் சுடுகிறார். தாகம் எடுத்தால் எங்கே போவார்கள் என்று அவருக்குத் தெரியும். அங்கிருந்து படம் முழுக்கத் தண்ணீரைப் பற்றியதுதான்.

கடைசியில் ஒரு நீர்க்குழியைத் தேடிப் போனால் அது பாழாகிக் கிடக்கிறது. அனுபவம் இல்லாத ஒருவன் தண்ணீர் அதிகம் வரட்டும் என்று டைனமைட் வைத்துத் தகர்த்திருக்கிறான். அவனுடைய மனைவி பக்கத்திலேயே வண்டிக்குள் பிரசவ வலியில் தனியாகக் கிடக்கிறாள். குழந்தை பிறக்கிறது. சாவதற்கு முன் அந்தத் தாய் மூவரையும் குழந்தைக்கு ஞானத்தகப்பன்களாக (அதுதான் தலைப்பிலுள்ள ‘காட்ஃபாதர்ஸ்’) இருக்கச் சொல்லி வாக்கு வாங்கிக்கொள்கிறாள், குழந்தைக்கு மூன்று பேருடைய பெயரையும் சேர்த்து வைக்கிறாள்.

அதற்கப்புறம் வரும் பகுதி பிள்ளைகளுக்குக் கட்டாயம் பிடிக்கும். மூன்று முரடர்களுக்கும் பச்சைக் குழந்தையைக் கையில் பிடிக்கவே தெரியாது. தாய் வைத்திருந்த குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. எண்ணெய்க்கு எங்கே போவது? வண்டி அச்சுக்குப் போடும் கிரீஸை எடுத்துத் தலையிலிருந்து கால் வரை பூசிவிடுகிறார்கள்! ஜான் வேய்ன் அவ்வளவு பெரிய கைகளால் பயந்து பயந்து பூசுவதை நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை.

வேத விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பேர், ஒரு குழந்தை, ஒரு நட்சத்திரம், போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயர் நியூ ஜெருசலேம். நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடி வந்த சாஸ்திரிகள் கதை என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஃபோர்டு (ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை) அதோடு விடவில்லை. கடைசியில் தனியாக மிஞ்சும் வேய்ன் இறந்துபோன தாயின் பைபிளைத் திறக்கிறார். அவர் கண்ணில் படுவது மத்தேயு 21இல் கழுதையும் குட்டியும் கட்டியிருக்கும் என்று இயேசு சீடர்களிடம் சொல்கிற இடம். எந்தப் பாலைவனத்தில் கழுதை கட்டியிருக்கும் என்று கோபத்தில் வேதத்தையே வீசி எறிகிறார். அப்புறம் என்ன ஆகிறது என்பதைப் படத்திலேயே பாருங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அது குருத்தோலை ஞாயிறு அன்று வாசிக்கிற பகுதி. கிறிஸ்துமஸ் கதையின் நடுவே ஃபோர்டு பாடுகளின் வாரத்தை, அதாவது இயேசு சிலுவையில் சாகிற வாரத்தை, கொண்டுவந்து வைக்கிறார். போஸ்டரில் சிலுவை போட்ட படங்கள் இந்த ஆழத்துக்குப் போவதில்லை. அவற்றில் நல்லவன் நல்லவனாகவே இருக்கிறான், விசுவாசத்துக்கு அவன் எந்த விலையும் கொடுப்பதில்லை. இதிலோ செத்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்குக்காகத் திருடர்கள் தங்கள் தாகத்தையே விட்டுக்கொடுக்கிறார்கள்.

படம் ஹாரி கேரி சீனியருக்குச் சமர்ப்பணம். பீட்டர் பி. கைன் எழுதிய இந்தக் கதையை 1916இல் முதலில் படமாக்கியபோது நடித்தவர் அவர். 1919இல் ஃபோர்டே அவரை வைத்து ‘மார்க்டு மென்’ என்று மறுபடி எடுத்தார். அந்தப் பிரதி இன்று கிடைப்பதில்லை. 1947இல் கேரி இறந்ததும், இந்தப் படத்தை எடுக்க அவர் மகனைக் கூட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவன மணலுக்குப் போய்விட்டார் ஃபோர்டு.

பாலைமணல்:

ஃபோர்டு படம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் இதே கதையை வில்லியம் வைலர் எடுத்த ‘ஹெல்ஸ் ஹீரோஸ்’ (1930) தான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதில் இவர்கள் பேங்கில் சுட்டுக் கொன்ற காசாளர்தான் அந்தக் குழந்தையின் தகப்பன். பாவத்துக்குப் பரிகாரம் என்பது அங்கே வெறும் பேச்சு இல்லை. கடைசி ஆள் சார்லஸ் பிக்ஃபோர்டு. குடித்தால் செத்துவிடுவோம் என்று தெரிந்தே விஷம் கலந்த தண்ணீரைக் குடிக்கிறான். அது கொல்வதற்குள் ஊர் போய்ச் சேரும் தெம்பு கிடைக்கும் என்பதுதான் அவன் கணக்கு. குழந்தையோடு கோயிலுக்குள் நுழைந்து விழுகிறான். ஃபோர்டு அந்த முடிவை மென்மையாக்கிவிட்டார்.

பழைய ரீல்:

வைலர் படம் பெரிய படம், மறுக்கவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு வயதுப் பிள்ளையோடு அதைப் பார்க்க முடியாது. ஃபோர்டு முடிவை மென்மையாக்கினார் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேய்ன் உயிரோடு வந்து சேர்கிறார், சரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு சலூனுக்குள் நுழைந்து குழந்தைக்குப் பால், தனக்கு பீர் என்று கேட்டுவிட்டு அப்படியே சாய்கிறார். அதோடு முடிந்திருந்தால் மென்மை. அப்புறம் கோர்ட் இருக்கிறது. குழந்தையை நிரந்தரமாக ஷெரீஃப் வீட்டாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் வெளியே போகலாம் என்கிறார் நீதிபதி. தாய்க்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன், சிறைக்கே போகிறேன் என்கிறார் இவர். சாவதைவிட உயிரோடு இருந்து வாக்கைக் காப்பது லேசு என்று எனக்குத் தோன்றவில்லை.

குடில்வீடு:

ரொம்ப நன்றி. அப்பாவிடம் சொன்னேன், ஜான் வேய்ன் என்றதும் சரி என்றுவிட்டார். ஒரு சந்தேகம். மற்ற இருவரும் இறந்துவிடுகிறார்கள் போலிருக்கிறதே, அது பிள்ளைகளுக்குப் பயமாக இருக்குமா?

பழைய ரீல்:

தாயின் சாவும் இளையவன் (ஹாரி கேரி ஜூனியர்) சாவும் அழுகை வரவைக்கும், பயம் வராது. இளையவன் சாகும்போது வேய்ன் தன் தொப்பியைக் கழற்றி அவன் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டே இருக்கிறார். அவ்வளவு மரியாதையாக எடுத்த காட்சி.

பெட்ரோவின் சாவை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். விழுந்து கால் ஒடிந்துவிடுகிறது, இனி நடக்க முடியாது. ஓநாய்கள் வந்தால் வேண்டும் என்று சொல்லித் துப்பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். வேய்ன் குழந்தையோடு நடந்து போகும்போது பின்னால் வெடிச்சத்தம் கேட்கும். எதையும் காட்ட மாட்டார்கள். சின்னவருக்குப் புரியாமல்கூடப் போகலாம். பெரியவர் கட்டாயம் கேட்பார், பக்கத்தில் இருந்து பதில் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கும் அந்த இடம் உறுத்தலாம். அப்படியானால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேய்ன் கீழே விழுந்து எழ முடியாமல் கிடக்கும்போது, அவரை எழுப்பி நடக்கவைக்க இறந்த நண்பர்கள் இருவரும் வருகிறார்கள். பெட்ரோவையும் ஃபோர்டு விட்டுவிடவில்லை.

படம் 106 நிமிஷம். வசனம் வேகமாக இருக்கும், சப்டைட்டிலோடு போடுங்கள்.