மறு: மறு: ‘ரொமான்டஸி’க்குத் தமிழில் என்ன சொல்?

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும் வணக்கம்.

வாசகர் வட்ட அலமாரியில் ரொமான்டஸி நாவல்கள் இருக்கிற ஒரு தட்டு மட்டும் பெயரில்லாமல் கிடக்கிறது. நூலகங்களில் புத்தகத்தை வகைப்படுத்துகிற டூயி தசம எண் இதற்கு உதவாது. அமெரிக்கக் கதையென்றால் 813, இங்கிலாந்துக் கதையென்றால் 823, தமிழ்க் கதையென்றால் 894.8113. மொழியையும் வடிவத்தையும் அது சொல்லும். உள்ளே இருப்பது டிராகனா டிடெக்டிவா என்று சொல்லாது. அதனால் புத்தக முதுகில் ஒட்டுகிற சீட்டில் ஒரு சொல் எழுதியாக வேண்டும்.

‘ரொமான்டஸி’ என்பதே ரொமான்ஸையும் ஃபேன்டஸியையும் பாதி பாதி வெட்டி ஒட்டிய சொல். தமிழில் அப்படி வெட்டி ஒட்டினால் ‘காதபுனைவு’ என்று காது அறுந்த மாதிரி வருகிறது. இதுவரை பட்டியலில் சேர்ந்தவை: காதல் மிகுபுனைவு (மிகுபுனைவு என்றால் ஃபேன்டஸி), மாயக்காதல், காதற்புனைவு, களவுப்புனைவு. எதை வைக்க?

வீரவநல்லூரிலிருந்து:

தம்பி, நாலையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

மாயக்காதல் ஆகவே ஆகாது. நம் மொழியில் ‘மாயம்’ என்றால் மந்திரத்துக்கு முன்னால் பொய் என்றுதான் தோன்றும். மாயக்காதல் என்று சீட்டு ஒட்டினால், ஏமாற்றிவிட்டு ஓடிப்போனவன் கதை என்றுதான் எடுத்துப் பார்ப்பார்கள்.

களவுப்புனைவு இலக்கணப்படி அருமை. அகப்பொருளில் களவு என்றால் ஊரறியாத காதல். ஆனால் வீட்டில் களவாணி என்று யாரைச் சொல்லுகிறோம்? அந்தத் தட்டில் துப்பறியும் கதை தேடிக்கொண்டு ஆள் வந்து நிற்பான்.

காதற்புனைவில் சிக்கல் வேறு. வேற்றுமைப் புணர்ச்சியில் ‘ல்’ ‘ற்’ ஆவது முறைதான். ஆனால் கணினியில் ‘காதல்’ என்று தட்டித் தேடுகிறவனுக்குக் ‘காதற்’ அகப்படாது. காகிதத்தில் அழகாக இருக்கிற சந்தி தேடுபெட்டியில் சொல்லை ஒளித்துவிடும். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டு, பிறகு பட்டியலில் இரண்டு பதிவாக வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். போதாக்குறைக்கு, மந்திரமே இல்லாத சாதாரண காதல் நாவலும் காதற்புனைவுதானே வே!

மிச்சம் காதல் மிகுபுனைவு. குற்றமில்லை, சுவையும் இல்லை. எட்டு எழுத்து, நடுவில் ஒரு இடைவெளி வேறு. சொல் என்று சொல்ல முடியாது, விளக்கம் என்று சொல்லலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி சொல்லைத் தட்டிப் பார்த்தாச்சு. பொருளை இன்னும் யாரும் தட்டவில்லை. எது இந்தத் தட்டில் வரும், எது வராது என்று தெரியாமல் பெயர் வைத்தால் நாளைக்கே பெயர் கிழிந்துவிடும்.

தொல்காப்பியத்து முதல், கரு, உரி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் என்றால் நிலமும் பொழுதும். கரு என்றால் அந்த நிலத்துத் தெய்வம், விலங்கு, மரம், தொழில். உரி என்றால் அங்கே மனிதருக்குள் நடக்கிற புணர்தலும் பிரிதலும் ஊடலும். இந்த வகைத் தொடர்களில் முதலும் கருவும் எழுத்தாளர் கட்டியவை, உரி காதல். அது மட்டும் போதாது. கருவை உருவினால் உரியும் அறுந்து விழ வேண்டும். அந்த முடிச்சு இருந்தால்தான் இந்தத் தட்டு.

ஒரு சான்று. ரெபெக்கா யாரோஸ் எழுதிய ‘ஃபோர்த் விங்’, 2023-இல் வந்தது. போர்க்கல்லூரி, டிராகன் மேல் ஏறிப் பறக்கிற மாணவர்கள். நாயகியின் டிராகனும் நாயகனின் டிராகனும் இணை. அவை இரண்டும் நெடுநாள் பிரிந்திருக்க முடியாது, ஆகவே ஒருவரையொருவர் ஆகாத இந்த இரண்டு பேரும் பிரிந்திருக்க முடியாது. டிராகனை எடுத்துவிட்டுக் குதிரையை வைத்துப் பாருங்கள், கதை நிற்காது. இது தட்டில் வரும்.

மாறாக, அரண்மனைச் சூழ்ச்சியும் மந்திரவாதிப் போருமாக அறுநூறு பக்கம் ஓடி, நடுவில் இரண்டு பேர் காதலிக்கிற கதைகள் உண்டு. காதலை உருவினாலும் போர் நடக்கும். அது வெறும் மிகுபுனைவு, பக்கத்துத் தட்டுக்குப் போகட்டும்.

தொடர் என்பதால் இன்னொரு சங்கடம். முதல் பாகத்தில் களவு, இரண்டாம் பாக முடிவில் இருவரும் சேர்ந்தாச்சு. மூன்றாம் பாகத்தில் எதை வைத்து ஓட்ட? பெரும்பாலான தொடர்கள் சறுக்குவது இங்கேதான். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நம் இலக்கணக்காரன் இதற்கு வழி வைத்திருக்கிறான்: கற்பில், அதாவது மணத்துக்குப் பிறகு, பிரிவு. ஓதலுக்கு, பகைமேல், தூதுக்கு என்று காரணம் காட்டிப் பிரித்தால் உரி மறுபடி உயிர்பெறும். தேறின தொடர்கள் அதைத்தான் செய்கின்றன. தேறாதவை ஒரு மனத்தாங்கலை இழுத்துப் போட்டு, ஒரு வார்த்தை பேசினால் தீர்கிற சண்டையை முந்நூறு பக்கத்துக்கு நீட்டுகின்றன.

திசையன்விளையிலிருந்து:

அக்கா சொன்ன சோதனையை நம்ம ஆன்லைன் தொடர்கதைகளுக்கும் போட்டுப் பார்க்கணும். அங்கே வாரத்துக்கு ரெண்டு யூடி, மூணு யூடி (அப்டேட்) என்று போடுவார்கள். ‘ஃபேன்டஸி லவ்’ என்று போட்டிருப்பதில் பாதிக்கு மேல் மறுஜென்மக் கதை. முன்ஜென்மத்தில் இளவரசி, இந்த ஜென்மத்தில் ஐடி கம்பெனி. நாலு எபிசோடுக்கு ஒரு தடவை பழைய அரண்மனை கனவில் வரும். அந்தக் கனவை எடுத்துவிட்டால் மிச்சம் கச்சிதமான குடும்பக் காதல் கதை. இது தேறாது. முன்ஜென்மக் கணக்கு இந்த ஜென்மக் காதலைத் தடுக்கணும், இல்லை கட்டணும். அப்போதுதான் சேர்க்கலாம்.

இன்னொன்று கேட்கேன். வில்லுப்பாட்டில் நாம் கேட்கிற முத்துப்பட்டன் கதையை எங்கே வைப்பீங்க? பிராமணப் பிள்ளை, பொம்மக்கா திம்மக்கா என்ற சகோதரிகளைக் காதலித்து, அவர்களுக்காகச் செருப்புத் தைத்து, மாடு காக்கப் போய்ச் செத்து, தெய்வமாகிறான். காதலும் இருக்கு, தெய்வமும் இருக்கு.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அது இந்தத் தட்டு இல்லை தம்பி. முதல் காரணம், அங்கே தெய்வமாவது கதை முடிந்த பிறகு. காதலை நடத்துவது சாதி, மந்திரமில்லை. இரண்டாவது, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் இருக்கிற முத்துப்பட்டனுக்கு இன்றைக்கும் செருப்புக் காணிக்கை வைக்கிறார்கள். அதைப் போய் ‘புனைவு’ என்று சீட்டு ஒட்டினால் அந்தச் செருப்பு நமக்கு வரும்.

ஆனால் நீங்கள் தெய்வத்தை இழுத்ததும் ஒரு சொல் தட்டுப்பட்டது: அணங்கு, பார்த்தவரை வருத்துகிற தெய்வப்பெண். காமத்துப்பாலின் முதல் அதிகாரமே தகையணங்குறுத்தல், 109-வது. முதல் குறள் 1081. பார்த்தவன் கேட்கிறான்: இவள் அணங்கா, மயிலா, பெண்ணா? இந்த வகை நாவல் எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் இந்தக் கேள்விதான். எதிரே நிற்பது மனிதரா, வேறொன்றா? அணங்குப்புனைவு என்று வைக்கலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து:

அக்கா, சொல் பிடித்திருக்கிறது. மூன்று தடை இருக்கு.

ஒன்று, அணங்கு என்று இங்கே யாரும் பேசுவதில்லை. இரண்டு, குறளில் அணங்கு பெண். நம் தட்டில் இருக்கிற தொடர்களில் பெரும்பாலும் மனிதப் பிறவி பெண், அமானுடன் ஆண். சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015-இல் தொடங்கியது. அதில் நாயகி வேடுவச்சி, அவளைக் கொண்டுபோகிறவன்தான் விலங்குருவில் வருகிற ஃபே, அதாவது மந்திரசக்தியுள்ள அமானுடன். மூன்று, எழுத்து விதவிதமாகச் சிதறும்: அணங்கு புனைவு, அணங்குப் புனைவு, அணங்குப்புனைவு, அணங்குபுனைவு. தேடலில் நாலாக உடையும் என்று அண்ணாச்சியே முந்திச் சொல்லியிருப்பார்கள்.

வீரவநல்லூரிலிருந்து:

மூன்றுக்கும் ஒரே மருந்து இருக்கு. அணங்கு பெயர் மட்டுமில்லை, வினையும் உண்டு. அணங்குதல் என்றால் வருத்துதல், வருந்துதல்.

குறிஞ்சிப் பாட்டுகளில் வெறியாட்டைப் பாருங்கள். மகள் மெலிகிறாள். தாய் முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிடுகிறாள். அவன் குறிபார்க்கிற கழங்குக் காயைப் போட்டுப் பார்த்து, முருகன் அணங்கினான் என்கிறான். தோழிக்குத்தான் தெரியும், அணங்கியவன் மலைநாடன் என்று. இங்கே அணங்கியது ஆண், அணங்கப்பட்டது பெண். தெய்வம் பிடித்ததா காதல் பிடித்ததா என்ற குழப்பம்தான் பாட்டே. அம்பாசமுத்திரத்துத் தங்கச்சி முன்னால் சொன்ன முடிச்சு இந்த ஒரு வினைக்குள்ளேயே கிடக்கு. இரண்டாம் தடை போச்சு.

வினையாக எடுத்தால் வினைத்தொகை வரும்: அணங்குகதை. அணங்கிய கதை, அணங்குகின்ற கதை, அணங்கும் கதை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே ஒற்றைப் பற்றிய சண்டையே இல்லை. அணங்குப்புனைவு எட்டு எழுத்து, அணங்குகதை ஆறு. தவறாக எழுதினால்கூட இடைவெளி விட்டு எழுதுவான், அவ்வளவுதான். தேடலில் அதைச் சமாளிக்கலாம். யாராவது ‘அணங்குக்கதை’ என்று எழுதினால், பெண்ணைப் பற்றிய கதை என்று வேறு பொருள் வருமென்று சொல்லித் திருத்திவிடுங்கள்.

முதல் தடைக்கு என்ன சொல்ல? பேசாத சொல்லாக இருப்பதும் ஒரு வசதிதான். வேறு பழக்கம் ஒட்டியிருக்காது. மாயத்துக்கும் களவுக்கும் நேர்ந்த கதி இதற்கு நேராது.

திசையன்விளையிலிருந்து:

அணங்குகதை. வாயில் வருது. ‘அணங்குகதை எழுத்தாளர்’, ‘அணங்குகதைத் தொடர்’ எல்லாம் சரியா நிக்கி. எனக்குச் சம்மதம்.

இப்போ சில்லறைச் சொற்கள். ட்ரோப், ஸ்லோ பர்ன், எனிமீஸ் டு லவ்வர்ஸ், ஃபேட்டட் மேட்ஸ், க்ளிஃப்ஹேங்கர், ஸ்பைஸ். லவ் ட்ரையாங்கிளுக்கு முக்கோணக் காதல் ஏற்கெனவே இருக்கு, அதைத் தொடவேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

ட்ரோப்புக்குப் புதுச்சொல் எதற்கு? துறை இருக்கிறது. ஒரு திணைக்குள் திரும்பத் திரும்ப வருகிற சூழல்தானே துறை. உடன்போக்கு ஒரு துறை என்றால், ‘சத்திரத்தில் ஒரே கட்டில்தான் காலி’ என்பதும் ஒரு துறை.

மெல்ல மெல்ல மூளுகிற காதல்தான் ஸ்லோ பர்ன், அதற்கு உமித்தீ. சுவாலை தெரியாது, மேலே சாம்பல்தான், உள்ளே விடியவிடியக் கங்கு இருக்கும். சொல்லே விமர்சனமும் ஆகும், பாருங்கள். உமித்தீ என்று விளம்பரம் போட்டு வெறும் சாம்பலைக் கொடுக்கிற தொடர்கள் நிறைய. சந்திக்கிற ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்குள் ஒன்றாவது மாறியிருக்க வேண்டும்: ஒரு ரகசியம் தெரிந்திருக்கணும், ஒரு கடன் ஏறியிருக்கணும், ஒரு பொய் உடைந்திருக்கணும். பார்வையும் பெருமூச்சுமாகப் பத்துச் சந்திப்பு போனால் கங்கு அணைந்துபோச்சு என்று அர்த்தம்.

எனிமீஸ் டு லவ்வர்ஸ் என்பதை இரண்டாகப் பிரிக்கணும். உண்மையான பகை இருந்தால் பகைக்காதல். ‘ஃபோர்த் விங்’கில் அவனுடைய தகப்பன் கலகம் செய்து கொல்லப்பட்டதில் இவளுடைய தாய்க்குக் கை உண்டு. அது பகை. வெறுமனே வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு திரிவதற்கு நம்மிடம் ஏசல் இருக்கிறது. முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் மாறிமாறி ஏசுகிறார்களே, அது சக்களத்திச் சண்டை என்றாலும் தொனி இதுதான். ஏசல்காதல் என்று வையுங்கள். அட்டையில் பகை என்று போட்டு உள்ளே ஏசல் இருந்தால் வாசகருக்குக் கோபம் வருவது நியாயம்.

ஃபேட்டட் மேட்ஸ்: ஊழ் சேர்த்து வைத்த துணை. களவியலில் ‘பாலது ஆணை’ என்று வருகிறது. பால் என்றால் ஊழ். ஆனால் ‘பால்துணை’ என்றால் காப்பிக்கடை நினைவு வரும். ஆகவே ஊழ்த்துணை. இந்தத் துறையில் எழுத்தாளர்கள் வழக்கமாக விழுகிற குழி: ஊழ்த்துணை என்று முதல் பாகத்திலேயே சொல்லிவிடுவது. விதி கட்டிவிட்டால் அவள் தேர்ந்தெடுக்க என்ன மிச்சம்? மாஸ் அதை இரண்டாம் பாகத்துக்குத் தள்ளியது, அதுவும் அவள் அவனைப் பிடித்துப்போய் நின்ற பிறகு வெளியிட்டது, நல்ல தொழில்.

க்ளிஃப்ஹேங்கர்: அந்தரமுடிவு. அந்தரத்தில் விட்டுவிட்டான் என்று நாம் சொல்லுகிறதுதான்.

பாளையங்கோட்டையிலிருந்து:

ஸ்பைஸ், அதாவது படுக்கையறைக் காட்சி எவ்வளவு வெளிப்படை என்ற அளவு, விட்டுப்போச்சு அக்கா. தட்டுக்கு அதுதான் அவசரம். அட்டையில் பூவும் கொடியும் பொன்னெழுத்துமாக இருப்பதால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கென்று எடுத்துப்போகிறார்கள். மாஸ் தொடரே முதலில் இளையோர் வரிசையில் வந்து, பிறகு பெரியவர் வரிசைக்கு மாறியதுதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

காரம். நேராகவே சொல்லலாம். பூஜ்யம் என்றால் முத்தத்தோடு சரி. 1 என்றால் கதவு மூடினதும் அத்தியாயம் முடியும். 2 என்றால் கதவு பாதி திறந்திருக்கும். 3 என்றால் திறந்தே இருக்கும், ஒன்றிரண்டு இடத்தில். 4-ம் அதற்கு மேலும் என்றால் அடிக்கடி. 2-க்கு மேல் எல்லாம் பெரியவர்களுக்கு என்று சீட்டில் சிவப்புக் கோடு போடுங்கள். தொடருக்கு ஒரே எண் போடக்கூடாது, பாகத்துக்குப் பாகம் தனியாகப் போடணும். முதல் பாகம் 1, மூன்றாம் பாகம் 4 என்று ஏறுவது சகஜம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

சீட்டு மாதிரி இதோ. மேல்வரி: அணங்குகதை. இரண்டாம் வரி: தொடர் பெயர், பாக எண். மூன்றாம் வரி: துறை. நாலாம் வரி: காரம், எண்ணோடு. சோதனைக்கு ஒன்று அடித்திருக்கிறேன்:

அணங்குகதை
பாகம் 2
துறை: உமித்தீ, ஊழ்துணை
காரம் 3

நாளைக்கு அச்சுக்கு அனுப்பவா?

வீரவநல்லூரிலிருந்து:

‘ஊழ்துணை’ இல்லை, ஊழ்த்துணை. ஒற்று போடும் தம்பி. ‘ழ்’ஐ அடுத்து வந்தால் மறந்துவிடுகிறார்கள். ‘ஊழ்துணை’ என்றால் முதிர்ந்து உதிர்கிற துணை என்று வினைத்தொகையாகிவிடும். திருத்திவிட்டு அனுப்பும்.