கட்டி முடிச்ச லீசிங், கிரிப்பில மட்டும் முடியேல்ல

சந்தி ஓட்டோ:
திருமலை அனுராதபுர சந்தியில ஓட்டோ ஓடுறன். 2019இல லீசிங்கில எடுத்தது. 2023இல கடைசித் தவணையும் கட்டி, கடன் முடிஞ்ச கடிதமும் வாங்கி, புத்தகத்தையும் என்ர பேருக்கு மாத்தியாச்சு. போன மாசி மாசம் தம்பியின்ர மீன்பிடி போட்டுக்கு எஞ்சின் எடுக்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனம். மனேஜர் கொம்பியூட்டரைப் பார்த்தார். பிறகு என்ர முகத்தைப் பார்க்காமலே, "அண்ணை, உங்களுக்குக் கிரிப்பில பிரச்சினை கிடக்கு" எண்டார். கிரிப் (CRIB) எண்டது ஆர் எவ்வளவு கடன் எடுத்து எப்பிடிக் கட்டினவை எண்ட விபரத்தை வைச்சிருக்கிற கொடுகடன் தகவல் பணியகம்.

என்ர கிரிப் அறிக்கையை நானே எடுத்துப் பார்த்தன். முடிஞ்ச லீசிங் இன்னும் உயிரோட நிக்குது, 38,400 ரூபா நிலுவையாம்! லீசிங் கொம்பனிக் கிளையில கேட்டால் "கிரிப்பிட்டக் கேளுங்கோ" எண்டினம். கொடுகடன் தகவல் பணியகத்தில கேட்டால், நிறுவனம் அனுப்பினதைத்தான் காட்டுறம், பிழை எண்டால் அனுப்பினவைதான் திருத்தி அனுப்போணும் எண்டினம். அது நியாயம்தான். கறுப்புப் பட்டியல் எண்டு ஒண்டு அங்க இல்லை, கடன் குடுக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது வங்கி. அதுவும் அப்பதான் எனக்கு விளங்கினது.

வாயால கதைச்சு ஒண்டரை மாசம் போச்சு. பிறகு கடன் முடிஞ்ச கடிதத்தின்ர பிரதியோட தலைமைக் கந்தோருக்குப் பதிவுத் தபால் போட்டன். மூண்டு கிழமையில திருத்தீட்டினம். ஆனால் வாடை முடிஞ்சு கடல் அடங்கின நல்ல நாளெல்லாம் தம்பி பழைய எஞ்சினோட கரையில குந்தியிருந்தான். அந்த நட்டத்தை ஆர் தாறது? ஆருக்காவது கிடைச்சிருக்கா?

தூரதேசம்:
நான் திருக்கடலூர், இப்ப நியூ ஜேர்சியில. எனக்கு இதே கூத்து ஒரு கிரெடிட் கார்டால. இங்க 1970ஆம் ஆண்டில இருந்து இதுக்கெண்டே சட்டம் இருக்கு. நான் விட்ட பிழை, கார்ட் கொம்பனியோட மட்டும் கதைச்சது. அறிக்கை தயாரிக்கிற நிறுவனத்துக்கு முறைப்பாடு போய், அது கொம்பனிக்குத் தெரியப்படுத்தி, அதுக்குப் பிறகும் கொம்பனி ஒழுங்கா விசாரிக்காட்டித்தான் நான் வழக்குப் போடலாமாம். விசாரணைக்குப் பொதுவா 30 நாள். வேணுமெண்டு மீறினவை எண்டு நிரூபிச்சால், நட்டக் கணக்குக் காட்டாமலே 100இல இருந்து 1,000 டொலர் வரை கேட்கலாம், வக்கீல் செலவும் சேரும். கவனக்குறைவு எண்டால் உண்மையா பட்ட நட்டத்தைக் காட்டோணும். நான் எல்லாம் போனிலயே கதைச்சுப்போட்டு நிண்டன். சட்டத்தை மீறினதைக் கண்ட நாளில இருந்து 2 வருசத்துக்குள்ள வழக்குப் போடோணும், அது ஓடிப் போச்சு.

உவர்மலை அக்கா:
எங்கட கதை வேற மாதிரி. தம்பிக்குச் சம்பந்தம் பேசேக்க, பொம்பிளை வீட்டார் அவன்ர கடன் எல்லாத்தையும் சதக்கணக்கில சொல்லுகினம், நண்பனுக்குப் பிணை நிண்டது உட்பட. நிதி நிறுவனமொண்டில வேலை செய்யிற அவையின்ர சொந்தக்காரப் பெடியன் தம்பியின்ர கிரிப் அறிக்கையை எடுத்துக் குடுத்திருக்கிறான். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில அந்தப் பணியகத்தை அமைச்சது கடன் குடுக்கிறவை பார்க்க, சாதகத்தோட சேர்த்துப் பார்க்க இல்லை. எழுத்தில முறைப்பாடு குடுத்தம். பெடியனை இடம் மாத்தினவை, அவ்வளவுதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில ஒரு மீறலுக்கு 1 கோடி ரூபா வரை தண்டம் எண்டு கிடக்கு. ஆனால் அதை நடைமுறைப்படுத்துற திகதியைத் தள்ளிப் போட்டவை. இந்த விசயத்தில எனக்கு இன்னும் கோபம் ஆறேல்ல. (சம்பந்தமும் சரிவரேல்ல, அது வேற காரணம்.)

சந்தி ஓட்டோ:
அக்கா, தம்பி, நன்றி. மத்திய வங்கியின்ர 1935 நம்பருக்குப் போன் அடிச்சனான். "முதல்ல கொம்பனிக்கு எழுத்தில குடுத்தீங்களா, அதுக்கு ஆதாரம் இருக்கா?" எண்டுதான் கேட்டவை. நல்ல காலம், பதிவுத் தபால் துண்டு இருக்கு. சாமிப் படத்துக்குப் பின்னால செருகி வைச்சனான். மனிசி விளக்கு வைக்கேக்க ரெண்டு தரம் விழுந்து, ஒரு மூலை எண்ணெயாப் போச்சு. திகதி முத்திரை மட்டும் வடிவாத் தெரியுது.